மஞ்சப்பைக் கணக்கு

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. திருவான்மியூர் குப்பத்தில் அவருடைய ஒற்றை அறை வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். எந்தக் கல்யாணத்திலோ தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்த பை. மாப்பிள்ளை பெயர் அழிந்துவிட்டது, பெண் பெயர் பாதி மிச்சம். குடும்ப அட்டையில் ஒரு திருத்தம், மனு எழுதித் தரவேண்டும் என்று போன மாதம் அந்தப் பையோடு வந்தார். எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் கொட்டினார்.

2004 சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்த அட்டை டோக்கன் ஒன்று. எண் மட்டும் தெரிகிறது. குடும்ப அட்டை ஜெராக்ஸ் பதினாறு. வாக்காளர் அட்டை ஜெராக்ஸ் ஒன்பது. ஆதார் ஜெராக்ஸை நான் எண்ணவில்லை. 2015 வெள்ளத்துக்கு அரசாங்கம் 5,000 ரூபாய் போட்ட வங்கிப் புத்தகம். அந்த வரியின் கீழே பென்சில் கோடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடையில் 6,000 ரூபாய் வாங்கிய டோக்கனின் நகல். கடைசியாக ஒரு போட்டோ. அதில் இந்த அம்மா ஒரு நிவாரணப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பையின் மற்ற பக்கங்களை நான்கு ஆண்கள் பிடித்திருக்கிறார்கள். உள்ளே ஐந்து கிலோ அரிசி. பிடிக்க ஐந்து பேர். ஆளுக்கு ஒரு கிலோ.

"எதுக்கும்மா இத்தனை ஜெராக்ஸு?"

"வர்றவுங்க எல்லாரும் கேப்பாங்க சார். ஒரு மூட்டைக்கு மூணு எடத்துல கையெழுத்து. அப்புறம் போட்டோ. போட்டோ நல்லா வுழலைன்னா மூட்டைய திருப்பி வாங்கி மறுபடியும் குடுப்பாங்க."

நாட்டின் தணிக்கை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மீது இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். தவறு. அது திருவான்மியூர் குப்பத்தில் ஆணியில் தொங்குகிறது. இருபது வருஷமாகத் தான் வாங்கிய ஒவ்வொரு அரிசி மூட்டைக்கும் ஆதாரம் வைத்திருக்கிறாள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பெண். அந்த மூட்டைகளின் பேரைச் சொல்லி ஊர் உலகமெல்லாம் வசூல் செய்தவர்களிடம் இப்படி ஒரு பை இருக்கிறதா?

நாம் கணக்கு எழுதத் தெரியாத சமூகம் இல்லை. கல்யாண மண்டப வாசலில் மேஜை போட்டு, ஒருவர் பணத்தை வாங்கிப் பெயரை உரக்கச் சொல்ல, இன்னொருவர் மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுகிறார். 1987-இல் யாரோ எழுதிய 51 ரூபாய் மொய்யை 2024-இல் தேடிப் பிடித்து, சேர்த்துப் போட்டுத் திருப்பி எழுதும் குடும்பங்கள் நம்முடையவை. பந்தியில் ஒரு லட்டு குறைந்தால் சம்பந்திச் சண்டை. இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், கடல் ஊருக்குள் வந்தது என்றவுடன், யார் என்றே தெரியாத அறக்கட்டளையின் க்யூ.ஆர். படத்துக்கு நேராகப் போனை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். மூடிய கண்ணில் நீர் வழிகிறது. அந்த நீருக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

அந்தக் கண்ணீரின் விலையையும் ஒருமுறை கணக்குப் போட்டார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். உலகம் அழுதது, உண்மையாகவே அழுதது. அந்த அழுகை பணமாக மாறியபோது எவ்வளவு என்று உதவி நிறுவனங்களே கூடி அமைத்த மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-இல் சொன்னது: சுனாமியால் பாதிக்கப்பட்ட ஆள் ஒன்றுக்கு 7,000 டாலருக்கு மேல். அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு, ஆள் ஒன்றுக்கு 3 டாலர். வங்கதேசத்துத் தண்ணீர் நனைக்கவில்லையோ என்னவோ. கிறிஸ்துமஸ் மறுநாள், வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் படுத்திருந்த கடற்கரை, கையில் வீடியோ கேமரா. அதெல்லாம் வங்கதேசத்து வயலில் இல்லை.

சரி, அந்தப் பணத்தில் உங்களுக்கு என்னம்மா வந்தது என்று கேட்டேன். விரல் மடக்கினார். ஒரு ஸ்டவ். நாலு பாத்திரம், குடம் ஒன்று. பாய். போர்வை இரண்டு. அப்புறம் கொஞ்ச நாள் அரிசி. இன்னொரு விரல் மடக்க எடுத்து, யோசித்து, நீட்டிவிட்டார். மீதி டாலர் எங்கே என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ஏழாயிரம் என்ற தொகையை அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

நான் சொல்கிறேன். கொஞ்சம் துணியாகப் போனது. நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்தது. கடல் ஒருபக்கம் ஊரைத் துடைத்துக்கொண்டு போக, மறுபக்கம் நாடே தன் பீரோவைத் துடைத்து அங்கே கொட்டியது. டிசம்பரிலும் வேர்க்கிற கடற்கரைக்குக் கம்பளிச் சட்டை. அடுத்தவன் உடுத்துக் கழித்ததை உடுத்த மாட்டோம் என்று மீனவப் பெண்கள் தொடாமல் போனார்கள். "கொழுப்பு" என்றார்கள் அனுப்பியவர்கள். அந்த மலையைப் பிரித்து எதையாவது உருப்படியாக்க, தில்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பினர் வந்து தனியாக உழைக்க வேண்டியிருந்தது. நம் பெருந்தன்மையை அள்ளி அப்புறப்படுத்துவதே ஒரு நிவாரணப் பணியாயிற்று.

கொஞ்சம் மருந்தாகப் போனது. இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு வந்து குவிந்த மருந்து 4,000 டன். பாதிக்கு மேல் அந்நாட்டு அத்தியாவசியப் பட்டியலிலேயே இல்லாதவை; பெரும்பாலானவற்றின் மேலே அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழி. 600 டன்னை அழிக்க வேண்டும், அதற்குத் தனியாகச் செலவு. காலாவதி நெருங்கிய சரக்கைக் கழிக்க இதைவிட நல்ல குப்பைத்தொட்டி கிடைக்குமா? போட்டதற்கு நன்றிக் கடிதமும் வரும்.

கொஞ்சம் கொட்டகையாகப் போனது. நாகை வெயிலில், தார் ஷீட்டால் கூரையும் சுவரும் அடைத்த தற்காலிகக் குடியிருப்புகள். கீற்று வேய்ந்த குடிசையில் பரம்பரையாக வாழ்ந்தவர்களைக் கூப்பிட்டு எதில் இருப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தென்னங்கீற்று என்றிருப்பார்கள். கேட்கவில்லை. பகலில் உள்ளே உட்கார முடியாமல் சனம் வெளியே மர நிழலில் கிடந்தது. பிறகு நிரந்தர வீடு கட்ட வந்த ஒப்பந்தக்காரர்கள் சில ஊர்களில் அந்த மரத்தையும் வெட்டினார்கள்.

கொஞ்சம் படகாகப் போனது. படகு போட்டோவுக்கு அழகான பொருள். நீலக்கடல், வெள்ளை ஃபைபர் படகு, பக்கவாட்டில் கொடையாளி பெயர் பெரிதாக. ஆகவே படகு கொடுத்தார்கள், கொடுத்தார்கள், கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகு கரையில் நின்ற ஊர்கள் உண்டு. கடலில் இறக்கவே லாயக்கில்லாத படகுகளும் உண்டு. படகு பெருகியது, மீன் பெருகவில்லை. அதே சமயம், தலையில் கூடை சுமந்து மீன் விற்கிற பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், இருளர்கள், வயல் உப்பேறிப் போனதால் கூலி இழந்த தலித்துகள் பட்டியலில் பின்னால் தள்ளப்பட்டார்கள். கூலி இழந்த கை போட்டோவில் தெரியாது. கூடைமேல் கொடையாளி பெயரை எவ்வளவு பெரிதாகத்தான் எழுத முடியும்?

பிறகு செம்மஞ்சேரி. சென்னைக் கடலோரத்தில் குடிசை இழந்தவர்களில் பல குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே அடுக்கினார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். மீனவன் கடலுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். கடலிடமிருந்து காப்பாற்றி வைத்த இடம் எப்படிப்பட்டது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்புக்குத் தண்ணீர் வடிந்து போகிற பாதை. 2015-இல் மூழ்கியது. 2020 நிவர் புயலில் மூழ்கியது. 2023-இல் மூழ்கியது. ஒவ்வொரு முறையும் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து நிவாரணப் பை கொடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் போட்டோ எடுக்கிறோம். நிவாரணம் கட்டிய வீட்டில் பேரிடர், அந்தப் பேரிடருக்கு நிவாரணம். மூலதனம் ஒருமுறை, வருமானம் வருஷாவருஷம் வடகிழக்குப் பருவமழையோடு. மெரினாவில் சுண்டல் விற்பதில்கூட இவ்வளவு நிச்சயம் கிடையாது.

2015-க்கு வருவோம். அது நம் வீட்டு வாசல் வரை வந்த தண்ணீர், ஆகவே நம் தர்மமும் கூடுதலாகப் பொங்கியது. டிசம்பர் முதல் வாரம் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மிதந்தன. வெளியூர்களிலிருந்து இளைஞர்கள் லாரி லாரியாகச் சோறும் பாலும் கொண்டுவந்தார்கள். வழியில் ஆளுங்கட்சிக்காரர்கள் வண்டியை மறித்து, முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினால்தான் விடுவோம் என்றார்கள் என்று தன்னார்வலர்கள் புலம்பியது நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பிரெட் நனைந்து போகலாம், ஸ்டிக்கர் நனையக் கூடாது. அன்று அதைப் பார்த்துச் சிரித்த நடுத்தர வர்க்கத்தில் நானும் ஒருவன். பிறகு எங்கள் அடுக்ககம் பணம் திரட்டிக் கொடுத்த அறக்கட்டளையின் பையைக் குப்பத்தில் பார்த்தேன். அரசியல்வாதியின் ஸ்டிக்கர் பத்து விரல்கடை என்றால், எங்கள் அறக்கட்டளையின் ஸ்டிக்கர் பை முழுவதும். அறங்காவலர் கைகூப்பி நிற்கிறார். முதுகுக்குப் பின்னே ஒரு சூரிய உதயம் வேறு.

அறக்கட்டளையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள்.

அந்தப் பையை இந்த அம்மா என் கண்முன்னே பிரித்தார். அரிசி ஐந்து கிலோ. துவரம்பருப்பு அரை கிலோ. பாமாயில் அரை லிட்டர். பிஸ்கட் இரண்டு பொட்டலம். மெழுகுவத்தி நாலு, தீப்பெட்டி ஒன்று. துவைத்தால் கையோடு வரும் போர்வை. அடியில் வழவழ தாளில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு கலர் புத்தகம், அறக்கட்டளையின் சாதனைகள் பற்றி. மூன்று நாளாக மின்சாரம் இல்லாத வீட்டில், ஈரத் தரையில் உட்கார்ந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்து மகிழ வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அம்மா அதை அடுப்புப் பற்றவைக்கப் பார்த்தார். பற்றவில்லை. அவ்வளவு நல்ல தாள்.

சில மாதம் கழித்து எங்களுக்கு அறிக்கை வந்தது. அதில் "நிவாரணத் தொகுப்பு" என்று ஒரு வரி, ஒரு மொத்தத் தொகை. தலைக்கு வகுத்துப் பார்த்தால், தெற்கு மாட வீதி மளிகைக் கடையில் அந்தச் சாமானைச் சில்லறை விலைக்கு வாங்கினாலும் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அடுத்த வரி "விழிப்புணர்வுப் பொருட்கள்". டி ஷர்ட், ஃப்ளெக்ஸ், அந்தக் கலர் புத்தகம். அடுத்தது "கள ஆவணப்படுத்தல்": போட்டோவுக்குத் திருப்பி வாங்கி மறுபடி கொடுத்த செலவு. கடைசியில் தடித்த எழுத்தில்: "நிர்வாகச் செலவு: இல்லை. உங்கள் ஒவ்வொரு ரூபாயும் முழுமையாக மக்களுக்கே."

இந்த வாக்கியத்தின் மேல்தான் எனக்கு அடக்க முடியாத கோபம். நிர்வாகச் செலவு திருட்டு இல்லை. அரிசி தானாக நடந்து குப்பத்துக்கு வராது. லாரிக்கு டீசல் வேண்டும், ஏற்றி இறக்குபவருக்குக் கூலி வேண்டும், யாருக்குக் கிடைத்தது யாருக்கு விட்டுப்போனது என்று எழுத ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். யோக்கியமாக வேலை செய்கிற சின்ன அமைப்பு, "நூறு ரூபாயில் பதினைந்து இதற்கெல்லாம் போனது" என்று எழுதிக் காட்டுகிறது. நாம் முகம் சுளித்துவிட்டு, "நிர்வாகச் செலவு இல்லை" என்கிறவனிடம் ஓடுகிறோம். எழுதுகிறவன் கடையை மூடுகிறான். எழுதாதவன் கிளை திறக்கிறான். பொய்க்கு நாம்தான் சந்தா கட்டுகிறோம்.

அரசாங்கமும் இந்தக் கணக்கில் கைவைத்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகள் அதில் பாதிவரை நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்றிருந்ததை 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதமாக வெட்டினார்கள். பெரிய அமைப்பு வாங்கிச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குள் சைக்கிளில் சுற்றி யார் விட்டுப்போனார் என்று பார்க்கிற பெண்ணின் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும்? வெட்டு விழுந்தால் முதலில் போவது அந்தச் சைக்கிள். அறங்காவலரின் காருக்கு "களப் பயணம்" என்று வேறு தலைப்பு இருக்கிறது. 2015-இல் சிபிஐ உச்ச நீதிமன்றத்தில் சொன்னபடி இந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 31 லட்சம். வரவு செலவுக் கணக்குத் தாக்கல் செய்தவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது பெரும்பாலோர் சதவீதத்தை மீறவில்லை. சதவீதம் போட வேண்டிய கணக்கையே எழுதவில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. 2015-இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் போய்ப் பார்த்து எழுதின: கட்டிய நிரந்தர வீடுகள் ஆறு. ஆறாயிரம் இல்லை, ஆறு. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு உறைவிடம் கொடுத்தோம் என்று சங்கம் மறுத்தது. அந்தக் கணக்கில், வீட்டை எப்படிப் பழுது பார்ப்பது என்று பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்களும் அடக்கம் என்று பிறகு தெரிந்தது. வகுப்பறை பெஞ்சும் உறைவிடம்தானே.

பக்கத்து வீட்டில் இன்னும் விசேஷம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் "அம்பாந்தோட்டைக்கு உதவுவோம்" என்று ஒரு நிதி. அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் அது. நிவாரண நிதியிலிருந்து 8 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் அந்தத் தனிக் கணக்குக்குப் போனது என்று புகார். போலீஸ் விசாரணை தொடங்கியது. 2006-இல், அவர் ஜனாதிபதி ஆன பிறகு, உச்ச நீதிமன்றம் விசாரணையை நிறுத்தியது. பல வருஷம் கழித்து, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி சரத் என். சில்வா அந்தத் தீர்ப்புக்காக நாட்டிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கூடாரத்தில் கிடந்தவர்கள் அந்த மன்னிப்பை என்ன செய்திருப்பார்கள்? கூரைக்குப் போட்டிருப்பார்களா?

இங்கே மன்னிப்புக் கேட்கும் அவசியமே இல்லாமல் செய்துவிட்டார்கள். 2020 மார்ச் 27-இல் பி.எம். கேர்ஸ் நிதி பிறந்தது. நிதியாண்டு முடிய மிச்சமிருந்த நான்கைந்து நாளில் 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. தலைவர் பிரதமர். உடன் பாதுகாப்பு, உள்துறை, நிதி அமைச்சர்கள். இணைய முகவரி அரசாங்கத்துடையது. முகப்பில் அசோகச் சிங்கம். யார் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பட்டியல் கிடையாது; தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், நாங்கள் அதன் கீழ் வரும் பொது அதிகார அமைப்பு இல்லை. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்தார்கள்: இது அரசின் நிதி அல்ல, அறக்கட்டளை. வாங்கும்போது சிங்கம், கணக்குக் கேட்டால் பூனை. நேரு காலத்து 1948-ஆம் வருஷப் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கும் நாட்டின் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் தணிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதர் போட்டவர்கள் இதில் எழுந்து நின்று கைதட்ட வேண்டாம். இன்னொரு வேடிக்கை: பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். பி.எம். கேர்ஸுக்குக் கொடுத்தால் அது சமூகப் பொறுப்பு. முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் அந்தக் கணக்கில் சேராது என்று 2020 ஏப்ரல் 10-இல் மத்திய அரசு விளக்கம் கொடுத்தது. சமூகம் தில்லியில் மட்டும் குடியிருக்கிறது போலும்.

எங்கள் மருந்தீஸ்வரர் கோயிலுக்கு வாருங்கள். உண்டியலைத் திறக்க வேண்டுமானால் அறநிலையத் துறை அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். பூட்டு, சீல், எண்ணுவதற்குப் பக்தர்கள், எண்ணி முடித்ததும் தொகை. பல நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் சிவபெருமானே தன் உண்டியலைப் பத்துப் பேர் முன்னால் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேளைப் பூசைக்குப் போகிறார். அரசாங்கத்தின் குற்றத்தைச் சொல்லவும் யாரோ இருக்கிறார்கள்: 2015 வெள்ளம் மனிதர்களே உண்டாக்கிய பேரிடர் என்று சி.ஏ.ஜி. அறிக்கை 2018-இல் சட்டமன்றத்துக்கு வந்தது. சாமிக்குத் தணிக்கை உண்டு, சர்க்காருக்குத் தணிக்கை உண்டு, மீன்காரம்மாவுக்கு மூன்று கையெழுத்து உண்டு. நடுவில் நிற்கும் தர்மப்பிரபுவுக்கு மட்டும் மாலை.

அந்த 2015 டிசம்பரில் மாலை கிடைக்காதவர்களும் இருந்தார்கள். வீதிகளில் கழுத்தளவு தண்ணீர் நின்றபோது கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். எந்தக் கரையிலிருந்து வருகிறீர்கள் என்றுகூடக் கேட்காத மாடி வீட்டுக்காரர்களைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். 2018-இல் கேரளத்திலும் மீனவர்கள்தான். அரசாங்கம் நாளுக்கு 3,000 ரூபாய் தருகிறோம் என்றபோது, சொந்தச் சனத்தைக் காப்பாற்றக் கூலியா என்று வாங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். இந்த அம்மாவின் புருஷனும் 2015-இல் அப்படிப் போனவர். இரண்டு நாள் ஓட்டினார். பிறகு டீசல் காசாவது கிடைக்குமா என்று கேட்கப் போன இடத்தில் பில் இருக்கிறதா என்று கேட்டார்களாம்.

"தண்ணியில முழுவுறவன இழுத்துப் போடச் சொல்ல, பில்லு எங்கருந்து சார் கேட்டு வாங்கறது?" என்றார்.

இதைக் கேட்ட அன்று இரவு எனக்கு ஒரு வீரம் வந்தது. அந்த அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன். 2015-இல் எங்கள் அடுக்ககம் கொடுத்த பணத்தில் எத்தனை பை, ஒரு பை என்ன விலை, யாரிடம் வாங்கினீர்கள், செலவாகாமல் நின்றது எவ்வளவு, அது இப்போது எந்த வங்கியில் வட்டி போடுகிறது. நான்கு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. "உங்கள் அக்கறைக்கு நன்றி. தங்களைப் போன்ற நல்ல உள்ளங்களால்தான் எங்கள் பயணம் தொடர்கிறது." கீழே க்யூ.ஆர். படம்.

அப்போதுதான் என் அலமாரியைத் திறந்தேன். 2015-இல் என் பங்காகக் கொடுத்த 5,000 ரூபாயின் ரசீது, வருமான வரிக் கோப்பில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மடிப்புக் கலையாமல் இருக்கிறது. 80ஜி பிரிவு. கொடுத்ததில் பாதிக்கு வரிக் கழிவு. ரசீதை வாங்க மறக்கவில்லை. அறக்கட்டளை அனுப்பத் தாமதித்தபோது மார்ச் மாதம் மூன்று தடவை போன் செய்து கேட்டு வாங்கினேன். என் கழிவுக்காக மூன்று போன். அரிசி போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஒரு போன்கூட இல்லை. இத்தனை வருஷம். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. நான் எதைக் கேட்டேனோ அதைச் சரியாகக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அம்மா மனுவை வாங்க வந்தபோது ரசீதைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. பாவமன்னிப்பு மாதிரி ஏதோ. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையோடு வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பினார். எல்லாம் ஆங்கிலம்.

"படிங்க சார்."

படித்தேன். என் பெயர். என் பான் எண். முகவரி. தொகை எண்ணால், தொகை எழுத்தால். அறக்கட்டளையின் பெயர், பதிவு எண், சட்டப் பிரிவு. அறங்காவலர் கையெழுத்து, அதுவும் அச்சில் வந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"வெள்ளம் பூந்தது எங்க வூட்ல. எங்க பேரு எங்க சார் இருக்குது இதுல?"

நான் பேசவில்லை. அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார். நின்றார். திரும்பினார்.

"அந்தச் சீட்ட ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க சார். பையில வெச்சிக்கறேன். என்னைக்காச்சும் எவனாச்சும் கேப்பான்."